ஊர்க் கோயில் கல்வெட்டை நானே படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்: எந்த நூலை நம்பித் தொடங்குவது?

காவிரிக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். வயது 38. பிறந்த ஊர் பாபநாசம் வட்டத்தில் ஒரு சிற்றூர். எங்கள் ஊர்ச் சிவன் கோயிலின் கருவறைச் சுவரிலும் அடித்தளத்திலும் வரிவரியாக எழுத்து இருக்கிறது. சிறுவயதில் அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டுதான் சுண்டல் தின்போம். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது.

அடுத்த ஆண்டு குடமுழுக்குக்காகத் திருப்பணி தொடங்கப்போகிறார்கள். சுவரைச் சுத்தம் செய்வது பற்றியும் பேச்சு இருக்கிறது. அதற்கு முன் ஒரு வரியையாவது நானே படித்துவிட வேண்டும் என்று இருக்கிறது.

ஓராண்டாக முயன்றுவிட்டேன். கைப்பேசியில் 43 நூல்களை இறக்கி வைத்திருக்கிறேன். மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் இருக்கிறேன். நூற்றாண்டு வாரியாக எழுத்து மாறிவந்ததைக் காட்டும் அட்டவணையை அச்செடுத்து பீரோ கதவின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். 3,500 ரூபாய் கட்டி ஓர் இணைய வகுப்பிலும் சேர்ந்தேன். பன்னிரண்டு வகுப்பு நடந்தது. ஆசிரியர் படத்தைக் காட்டி மளமளவென்று படித்துக்கொண்டே போவார். கேட்கும்போது எல்லாம் புரிந்தது, கடைசியில் சான்றிதழும் வந்தது. ஆனால் கோயில் சுவர் முன்னால் போய் நின்றால் டகரத்தையும் பகரத்தையும் தவிர எதுவும் பிடிபடவில்லை.

என் கேள்வி இதுதான். இத்தனை நூல்களில் எது நல்லது, எந்த வரிசையில் படிப்பது? ஆசிரியர் இல்லாமல் இது கைவருமா? எனக்குக் கிடைக்கும் நேரம் இரவு எட்டு மணிக்கு மேலும் ஞாயிற்றுக்கிழமையும்தான்.

குடுமியான்மலைத் தபால்காரர் (மறுமொழி 1)

அம்மா, கைவரும். எனக்கு வந்திருக்கிறது. நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். புதுக்கோட்டை மாவட்டத்தில் 31 ஆண்டுகள் தபால்காரனாக இருந்து ஓய்வுபெற்றேன். குடுமியான்மலைக் கோயிலைச் சைக்கிளில் எத்தனை ஆயிரம் முறை கடந்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. நூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ள கோயில் அது. ஓய்வுபெற்ற பிறகுதான் அவற்றின் முன் நின்றேன்.

முதலில் அந்த 43 நூல்களையும் மூடிவையுங்கள். அழிக்க வேண்டாம், பின்னால் தேவைப்படும். பீரோவில் இருக்கும் அட்டவணையையும் சில மாதங்களுக்கு மறந்துவிடுங்கள். அட்டவணையில் ஒவ்வொரு எழுத்தும் தனியாக, தெளிவாக, சரியான அளவில் நிற்கும். கல்லில் அப்படி ஓர் எழுத்தும் நிற்பதில்லை. பக்கத்து எழுத்தோடு ஒட்டியிருக்கும், பாதி உடைந்திருக்கும், எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கும். அட்டவணையை மனப்பாடம் செய்துவிட்டுக் கல்லைப் பார்ப்பது, ஒருவருடைய திருமணப் புகைப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவரைத் திருவிழாக் கூட்டத்தில் தேடுவது போல.

ஒரு நூலையோ வகுப்பையோ காணொளியையோ எடுக்கும்போது நான் ஒன்றைத்தான் பார்ப்பேன்: நான் தவறாகப் படித்தால் அது எனக்குக் காட்டிக்கொடுக்குமா? காட்டிக்கொடுக்காத எதுவும் எனக்குக் கற்றுத்தரவில்லை. உங்கள் ஆசிரியர் நன்றாகப் படித்திருக்கிறார், நீங்கள் தலையாட்டியிருக்கிறீர்கள். நீங்கள் முதலில் படித்து அவர் திருத்தியிருந்தால் கதை வேறு.

திருத்தும் ஆசிரியர் பக்கத்தில் இல்லாதவருக்கும் ஒரு வழி இருக்கிறது. பல ஆயிரம் கல்வெட்டுகளின் பாடத்தை அறிஞர்கள் படித்து, வரி எண்ணோடு அச்சிட்டு வைத்திருக்கிறார்கள். கல்லும் அதன் அச்சுப் பாடமும் ஒன்றாகக் கிடைத்தால் அதுதான் உங்கள் வகுப்பறை. எங்கள் பக்கத்துக்கு அந்த நற்பேறு உண்டு. புதுக்கோட்டை சமஸ்தானம் 1929இல் தன் எல்லைக்குள் இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளின் பாடங்களை அரச மரபு வாரியாக நூலாக வெளியிட்டது. மாவட்ட நூலகத்தில் அதிலிருந்து குடுமியான்மலைப் பக்கங்களை மட்டும் நகலெடுத்துக்கொண்டேன். உங்கள் பக்கத்துக்குத் தென்னிந்தியக் கல்வெட்டுகள் என்ற வரிசை இருக்கிறது. மத்தியத் தொல்லியல் துறையினுடையது, முதல் தொகுதி 1890இல் வந்தது. அதன் இரண்டாம் தொகுதியில் பெரும்பகுதி தஞ்சைப் பெரிய கோயில்தான்.

நான் செய்த முறையைச் சொல்கிறேன். ஐந்தாறு வரியில் முடியும் ஒரு விளக்குக் கொடையைத் தேர்ந்தெடுத்தேன். அதன் பாடத்தை ஒரு கணக்கு நோட்டில் பெரிய எழுத்தில், புள்ளிகளை நீக்கி எழுதிக்கொண்டேன். ஏனென்றால் சோழர் காலக் கல்லில் பெரும்பாலும் புள்ளி இராது. நூலில் "விளக்கு" என்று இருக்கும், கல்லில் "விளககு" என்று இருக்கும். குறில் நெடில் வேறுபாடும் எகர ஒகரங்களில் கிடையாது, "கொயில" என்று வெட்டியிருந்தால் கோயில் என்று நாம்தான் படிக்க வேண்டும். காலும் ரகரமும் பல இடங்களில் ஒன்றுபோலத் தெரியும். இந்த மூன்றையும் தெரிந்துகொண்டு போனால் பாதி அச்சம் போய்விடும்.

பிறகு கல்லில் "ஸ்வஸ்திஸ்ரீ" என்ற தொடக்கத்தைத் தேடினேன். அது கிரந்த எழுத்தில், மற்றவற்றிலிருந்து மாறுபட்ட உருவத்தில் இருக்கும். ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் எங்கே இருந்தாலும் அடையாளம் தெரியும். அதிலிருந்து விரல் வைத்து, நோட்டில் ஓர் எழுத்து, கல்லில் ஓர் எழுத்து என்று போக வேண்டும்.

இங்கே நான் மூன்று வாரம் தோற்றேன். அதை நீங்கள் பட வேண்டாம் என்பதற்காக விரிவாகச் சொல்கிறேன். முதல் வரியில் பாதி வரை நோட்டும் கல்லும் ஒத்துப்போனது. அப்புறம் ஓர் எழுத்துகூடப் பொருந்தவில்லை. நூல் தவறோ, வேறு கல்வெட்டோ என்று தடுமாறினேன். நான் ஒரு கல்லை ஒரு தாள் போல நினைத்து, அதன் ஓரம் வந்ததும் அடுத்த வரிக்கு இறங்கியிருக்கிறேன். ஆனால் வெட்டியவர் நிற்கவில்லை. வரி அந்தக் கல்லைத் தாண்டி, அரைத்தூணின் மேல் ஏறி இறங்கி, அடுத்த கல்லிலும் ஓடி, சுவர் முடிகிற இடத்தில்தான் முடிந்தது. அடித்தளத்தில் இருக்கும் கல்வெட்டுகள் மூலை திரும்பியும் ஓடும். ஆகவே முதலில் படிக்காதீர்கள். வரி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று நடந்து பாருங்கள்.

அடுத்தது எழுத்துப் புத்தகம். நோட்டில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, அந்தச் சுவரில் அந்த எழுத்தை நான் பார்த்த எல்லா உருவங்களையும் வரைந்தேன். ககரத்துக்கு மட்டும் 19 உருவம் சேர்ந்தது. தேய்ந்த கல்லில் ககரமும் தகரமும் எனக்கு மாறி மாறித் தெரிந்தன. அவற்றை எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்தேன். இன்றுவரை எனக்கு அந்த நோட்டைவிட நல்ல நூல் கிடைக்கவில்லை.

இப்படி ஆறு கல்வெட்டு முடிந்ததும் முறையைத் திருப்பினேன். பாடத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கல்லுக்குப் போய், நானாகப் படித்து எழுதிக்கொண்டு வந்தேன். இரவில் நூலைத் திறந்து சிவப்பு மையால் திருத்தினேன். முதல் முறை 61 தவறு. மனம் ஒடிந்துதான் போனது. ஆனால் அந்த 61இல் பாதிக்கு மேல் நான்கைந்து எழுத்துகளிலேயே வந்திருந்தது. அடுத்த வாரம் அந்த எழுத்துகளை மட்டும் பார்க்கப் போனேன். ஐந்தாவது கல்வெட்டில் தவறு 14 ஆனது.

இன்னொன்று, என் தொழிலில் இருந்து சொல்கிறேன். தபால்காரன் முகவரியை எழுத்துக்கூட்டிப் படிப்பதில்லை. கையெழுத்து எவ்வளவு மோசமாக இருந்தாலும், பெயருக்கு அடுத்து என்ன வரும், தெருவுக்கு அடுத்து என்ன வரும் என்று தெரியும். தெருப்பெயரில் இரண்டு எழுத்து கிடைத்தால் போதும், மிச்சம் தானே வரும். கல்வெட்டும் அப்படித்தான். மங்கலச் சொல், அரசன், யாண்டு (அவனது ஆட்சியாண்டு), நாடும் ஊரும், இறைவன், கொடுத்தவர், கொடுத்தது, நிபந்தனை, கடைசியில் "இது பன்மாஹேஸ்வர ரக்ஷை", அதாவது இது சிவனடியார்களின் காவல். பெரும்பாலும் இந்த வரிசைதான். "யாண்டு" என்று தெரிந்ததும் அடுத்து எண் வரும் என்று கண் காத்திருக்கும். "நொந்தா விளக்கு" (அணையாமல் எரியும் விளக்கு, நந்தா விளக்கு என்றும் வரும்) என்றால் ஆடு வரும். "சாவா மூவாப் பேராடு" என்ற தொடரை முதன்முதலில் நானாகப் படித்த அன்று, மதிய உணவை மறந்து சுவரடியிலேயே உட்கார்ந்திருந்தேன். சாவதும் இல்லை, மூப்பதும் இல்லை. கோயிலிடம் ஆடு வாங்கிய இடையர், குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதை மூன்று சொல்லில் சொல்லிவிட்டார்கள்.

மெய்க்கீர்த்திகள், அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் அரசன் புகழைச் சொல்லும் பாட்டுகள், இரண்டையாவது மனப்பாடம் செய்துவிடுங்கள். இராசராசனுக்கு "திருமகள் போலப் பெருநிலச் செல்வியும்", இராசேந்திரனுக்கு "திருமன்னி வளர". நெஞ்சில் இருக்கும் பாட்டைக் கல்லில் தேடிப் படிப்பதைவிட எளிய பயிற்சி கிடையாது. உங்களுக்குத் தஞ்சாவூர் பக்கம். ஒரு ஞாயிறு பெரிய கோயிலுக்குப் போங்கள். "நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்" கல்லிலே வெட்டுக என்று இராசராசன் தன் 26ஆம் ஆட்சியாண்டில் சொன்னது விமானத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. எழுத்து பெரிது, ஆழம், அழகு. கற்பவருக்கென்றே வெட்டி வைத்தது போல இருக்கும்.

மதுரை மாணவன் (மறுமொழி 2)

வரலாறு இளங்கலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். தபால்காரர் ஐயாவோடு ஒன்றில் மாறுபடுகிறேன். நான் தமிழியிலிருந்து, அதாவது தமிழ்ப் பிராமி என்ற மிகப் பழைய எழுத்திலிருந்து தொடங்கினேன். எழுத்து குறைவு, கோடும் வட்டமுமாக எளிய வடிவம், பத்து நாளில் வந்துவிட்டது. மாங்குளம் குன்றில் ஏறி, நெடுஞ்செழியன் பெயர் வரும் வரியை நானே படித்தபோது கிடைத்த தெம்பில்தான் இன்றுவரை படிக்கிறேன். இவை தமிழ்தான் என்று கே. வி. சுப்பிரமணிய ஐயர் 1924இல் காட்டியதையும், ஐராவதம் மகாதேவன் 2003இல் எல்லாவற்றையும் ஒரே நூலில் படத்தோடும் பாடத்தோடும் தொகுத்ததையும் நினைத்தால், கற்பவருக்கு அவ்வளவு முழுமையாகக் கிடைக்கும் பகுதி வேறு இல்லை. ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்: சோழர் கல்வெட்டின் முன் நின்றால் தமிழி எனக்கு உதவவில்லை. அதைப் புதிதாகத்தான் தொடங்க வேண்டியிருக்கிறது.

குடுமியான்மலைத் தபால்காரர்

தம்பி, தெம்பு கிடைத்தால் அதுவே பெரிது. ஆனால் இந்த அம்மாவின் சுவர் பாபநாசத்தில் இருக்கிறது, திருப்பணிக்கு நாளும் குறித்தாகிவிட்டது. அவர் அந்தச் சுவரின் எழுத்திலிருந்தே தொடங்கட்டும்.

ஈரோட்டுக் கணக்கு ஆசிரியை (மறுமொழி 3)

சகோதரி, நீங்கள் கணக்கு எழுதுபவர் என்பதைப் பார்த்ததும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. எழுத்து வருவதற்கு முன்பே எண் உங்களுக்கு வந்துவிடும். எனக்கு அப்படித்தான் கதவு திறந்தது.

பழந்தமிழ் எண்ணில் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனித்தனிக் குறி உண்டு: ௰, ௱, ௲. அதனால் 96 என்பதை ௯௬ என்று எழுத மாட்டார்கள், ௯௰௬ என்று எழுதுவார்கள். ஒன்பது பத்து ஆறு. 26ஆம் யாண்டு என்றால் ௨௰௬. சுவரில் இந்த ௰ குறியை மட்டும் தேடிக்கொண்டு ஒருமுறை சுற்றி வாருங்கள். அது இருக்கும் இடமெல்லாம் யாண்டோ ஆடோ நெல்லோ நிலமோ இருக்கும். அங்கிருந்து முன்னும் பின்னும் நகரலாம்.

அளவைகளை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி, எட்டு நாழி ஒரு குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். நிலத்துக்கு 20 மா ஒரு வேலி. மாவுக்குக் கீழே காணி என்பது வேலியில் 80இல் ஒன்று, முந்திரி 320இல் ஒன்று. இந்தப் பின்னங்களுக்கெல்லாம் தனித்தனிக் குறி உண்டு. 2019இல் இவை ஒருங்குறியிலும் (யூனிகோட்) இடம்பெற்றுவிட்டன.

கணக்குத் தெரிந்தவர் கல்வெட்டைச் சரிபார்க்கவும் முடியும். நந்தா விளக்கு ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் உழக்கு நெய், அதற்கு 96 ஆடு என்று பல இடங்களில் வரும், சில வட்டாரங்களில் 90. ஏன் இந்த எண் என்று ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நாளுக்கு உழக்கு என்றால் நான்கு நாளைக்கு ஒரு நாழி. ஆண்டுக்கு 365ஐ நான்கால் வகுத்தால் 91 நாழிக்குச் சற்று மேல். அதாவது ஓர் ஆடு ஓராண்டில் ஏறக்குறைய ஒரு நாழி நெய் தர வேண்டும்! இது என் கணக்குத்தான், யாரும் எழுதி நான் படித்ததில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஆடும் நெய்யும் வரும் இடத்தில் எண்ணைத் தவறாகப் படித்தால் கணக்கு இடிக்கிறது, திரும்பிப் போய்க் கல்லைப் பார்க்கிறேன். தபால்காரர் ஐயா சொன்ன அந்தத் தவறு காட்டும் ஆசிரியர் எனக்கு இந்தக் கணக்குத்தான்.

மைப்படி (மறுமொழி 4)

கல்வெட்டியலில் முறையாகப் பயின்று களப்பணியில் இருக்கிறேன். மேலே சொன்ன முறைகள் சரியானவை. நான் சொல்ல வேண்டியவை இரண்டு. ஒன்று, உங்கள் ஊர்க் கல்வெட்டின் பாடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி. மற்றது, சுவரைக் காப்பது.

உங்கள் ஊர்ப் பெயரை இணையத்தில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. வி. ரங்காசாரியா 1919இல் சென்னை மாகாணக் கல்வெட்டுகளை மாவட்டம், வட்டம், ஊர் என்று பிரித்து மூன்று தொகுதியாகப் பட்டியல் இட்டார். அது பழைய நூல் என்பதால் இணைய ஆவணகங்களில் கிடைக்கிறது. பின்னாளில் டி. வி. மகாலிங்கம் தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் மாவட்ட வாரியாக விரிவான பட்டியல் கொடுத்திருக்கிறார். இரண்டும் ஆங்கிலம்தான். ஆனால் உங்களுக்கு வேண்டியது ஊர்ப் பெயரும் எண்ணும் மட்டுமே. பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில் தேடுங்கள், பெயரைப் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் நாலைந்து விதமாக மாற்றிப் பாருங்கள். கிடைத்ததும் ஓர் எண்ணும் ஆண்டும் இருக்கும். அது கல்வெட்டு ஆண்டறிக்கையின் எண். அந்த எண்ணை வைத்துக்கொண்டு தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளில் தேடினால், பாடம் அச்சாகியிருந்தால் சிக்கும். அரசனின் பட்டம் பட்டியலில் இருந்தால் வேலை இன்னும் சுருங்கும். சோழ அரசர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறி ஏற்றார்கள்; 13ஆம் தொகுதி இராசகேசரிகளுக்கு, 19ஆம் தொகுதி பரகேசரிகளுக்கு. முதல் மூன்று தொகுதிகளுக்கு அப்பால் மொழிபெயர்ப்பை எதிர்பார்க்காதீர்கள்.

தமிழிலேயே விளக்கம் வேண்டுமானால் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை வெளியிட்ட நன்னிலம், கன்னியாகுமரி போன்ற தொகுதிகளைப் பாருங்கள். ஒவ்வொரு கல்வெட்டுக்கும் முன்னால் செய்திச் சுருக்கம் இருக்கும். இவற்றில் பலவும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. புரியாத சொல்லுக்கு எ. சுப்பராயலு தொகுத்த கல்வெட்டுச் சொல்லகராதி இரண்டு தொகுதி. எழுத்து வரலாற்றுக்குத் தி. நா. சுப்பிரமணியனின் 'பண்டைத் தமிழ் எழுத்துக்கள்'. அட்டவணையை இந்த நூலோடு சேர்த்துப் படித்தால்தான் பொருள் விளங்கும்.

இனிச் சுவர். எழுத்து தெரியவில்லை என்று சுண்ணாம்போ மாவோ சாக்பீஸோ பூசாதீர்கள், ஆணியால் கீறாதீர்கள். தண்ணீரும் மென்மையான தூரிகையும் போதும். மைப்படி எடுப்பது, அதாவது கல்லில் தாளை ஒட்டி மையால் எழுத்தைப் பதிவு செய்வது, பயிற்சி வேண்டிய வேலை, பாதுகாக்கப்பட்ட சின்னமென்றால் துறையின் அனுமதியும் வேண்டும். உங்களுக்குத் தேவை வெளிச்சம்தான். வெயில் சுவரை ஒட்டியபடி சாய்ந்து விழும் நேரம் பார்த்துப் போங்கள், அப்போது ஒவ்வொரு வெட்டிலும் நிழல் நிற்கும். வெயில் படாத சுவருக்கு ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பிச் சுவரோடு ஒட்டியபடி பாய்ச்சுங்கள், அல்லது இருட்டியபின் கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடியுங்கள். ஒரே இடத்தை நான்கு பக்கத்திலிருந்தும் வெளிச்சம் கொடுத்து நான்கு படம் எடுங்கள். ஒரு படத்தில் மறைந்த எழுத்து இன்னொன்றில் எழும்.

திருப்பணி என்று எழுதியிருக்கிறீர்கள். மிகவும் கவலையோடு சொல்கிறேன்: மணல் வீச்சு முறையில் சுவரைச் சுத்தம் செய்ய விடாதீர்கள். கல்லின் மேல்தோலோடு எழுத்தும் போய்விடும், பிறகு எந்த நூலாலும் அதை மீட்க முடியாது. தளம் உயர்த்தும்போது அடித்தள வரிகளைப் புதைத்துவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. வேலை தொடங்கும் முன்பே முழுச் சுவரையும், கல் கல்லாக, அளவுகோல் ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துவிடுங்கள். படிக்கத் தெரிவது பிறகு வரட்டும். கோயில் நிர்வாகத்துக்கும் தொல்லியல் துறையின் மாவட்ட அலுவலகத்துக்கும் எழுத்தில் ஒரு மனு கொடுங்கள். அச்சில் வராத கல்வெட்டாக இருந்தால் தஞ்சாவூரிலிருந்து தமிழகத் தொல்லியல் கழகம் வெளியிடும் 'ஆவணம்' இதழுக்குத் தெரிவிக்கலாம். புதிய கண்டுபிடிப்புகள் அதில்தான் ஆண்டுதோறும் வருகின்றன.

காவிரிக்கரை (பதினொரு வாரம் கழித்து)

எல்லாருக்கும் நன்றி. உடனே பதில் எழுதாமல், செய்து பார்த்துவிட்டு எழுத வேண்டும் என்று காத்திருந்தேன்.

ரங்காசாரியாவின் பட்டியலில் எங்கள் ஊர் இருக்கிறது! நான்காவது எழுத்துக்கூட்டலில் கிடைத்தது. ஏழு கல்வெட்டு என்று போட்டிருக்கிறார்கள். அவற்றில் மூன்றின் பாடம் 19ஆம் தொகுதியில் அச்சாகியிருக்கிறது. கோப்பரகேசரி என்று மட்டும் இருப்பதால் எந்தப் பரகேசரி என்று நூலும் உறுதியாகச் சொல்லவில்லை.

முதலில் படம் எடுத்தேன். கடையில் இருந்து துணி அளக்கும் மீட்டர் கோலை வாங்கிப் போய்ச் சுவரோரம் வைத்து, தம்பி மகன் கண்ணாடி பிடிக்க, மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் 212 படம். மனு கொடுத்தாயிற்று. மணல் வீச்சு வேண்டாம் என்று ஊர்க் கூட்டத்தில் பேசினேன். அந்த மூன்று பாடங்களையும் உரக்கப் படித்துக் காட்டினேன். இடையர் ஒருவர் விளக்குக்கு ஆடு வாங்கிக்கொண்ட செய்தி வந்ததும், கூட்டத்தில் இருந்த ஒரு பெரியவர் அதை இன்னொருமுறை படிக்கச் சொன்னார். தண்ணீரும் தூரிகையும் மட்டும் என்று முடிவாகியிருக்கிறது.

பிறகுதான் நோட்டு. ஐயா சொன்னபடி புள்ளியை நீக்கி எழுதிக்கொண்டு போனேன். வரி அரைத்தூணைத் தாண்டி ஓடும் என்று நீங்கள் எழுதியிருக்காவிட்டால் நானும் மூன்று வாரம் தோற்றிருப்பேன். ௰ குறி ஒன்பது இடத்தில் இருக்கிறது, ஆசிரியை சகோதரிக்கு என் அன்பு. இரண்டு கல்வெட்டு முடிந்துவிட்டது. மூன்றாவதை நூலைப் பார்க்காமல் படித்தேன். தவறு 73. ஐயாவைவிட 12 கூடுதல்.

அந்த மூன்றாவதில் ஓர் இடத்தில் நிற்கிறேன். நிலக்கொடை. எழுத்தெல்லாம் படித்துவிட்டேன், நூலோடும் ஒத்துப்போகிறது. ஆனால் பொருள் பிடிபடவில்லை. ஏதோ ஒரு "வதிக்கு" மேற்கு, ஒரு வாய்க்காலுக்கு வடக்கு, மூன்றாம் கண்ணாற்று, இரண்டாம் சதிரத்து என்று வருகிறது. அந்த வாய்க்காலின் பெயர் சற்றே தேய்ந்த வடிவில் இன்றும் எங்கள் ஊரில் புழங்குகிறது, அதில்தான் நாங்கள் குளித்து வளர்ந்தோம். வதி என்றால் என்ன ஐயா?

குடுமியான்மலைத் தபால்காரர்

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டேன்.

எங்கள் பக்கம் குளத்துப் பாசனம், இப்படி ஒரு தொடரை நான் கல்லில் நேரில் பார்த்ததில்லை. நூலில் பார்த்திருக்கிறேன். காவிரிப் பாசன ஊர்களில் வதி என்பது வடக்குத் தெற்காகப் போகும் கால் அல்லது பாதை, வாய்க்கால் கிழக்கு மேற்காகப் போவது. அதனால்தான் வதிக்கு எப்போதும் கிழக்கோ மேற்கோ சொல்வார்கள், வாய்க்காலுக்கு வடக்கோ தெற்கோ சொல்வார்கள். இரண்டும் குறுக்கே வெட்டிக்கொள்ளும் இடத்திலிருந்து கண்ணாறுகளை (சிறு கிளை வாய்க்கால்களை) எண்ணிக்கொண்டு போய், அதற்குள் இத்தனையாவது சதிரம் (சதுரமான நிலத்துண்டு) என்று நிலத்தைக் குறிப்பார்கள். தெருவும் குறுக்குத் தெருவும் கதவு எண்ணும் போல. நீங்கள் படித்திருப்பது ஒரு வயலின் முகவரி.

வாய்க்கால் இன்னும் அதே பெயரில் இருக்கிறதென்றால் அதற்கு வடக்கே நடந்து பாருங்கள். குறுக்கே தெற்கு வடக்காக ஒரு பழைய பாதையோ கன்னி வாய்க்காலோ இருந்தால் அதற்கு மேற்கே திரும்பி மூன்றை எண்ணுங்கள். அங்கே இப்போது என்ன பயிர் நிற்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.